ஒரே ஒரு அடி போதுமா? பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு பிளேயர் தகுதியானவரானு நாமளே எடை போட்டுப் பாக்குறது எப்படி

பேஸ்பால் பாக்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் ஒரு கட்டத்துல, ஜாம்பவான்களுக்கான கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம்ல யாரு இருக்கணும்ங்கற சண்டை வந்துரும். சீசன் முடிவுல கோப்பைக்காக நடக்குற வேர்ல்ட் சீரிஸ்ல கடைசி நேரத்துல ஒருத்தர் அடிச்ச ஹோம் ரன் (பந்து மைதானத்த தாண்டிப் போற அடி) கிளிப்ப பாத்துட்டு "இவரு ஹால் ஆஃப் ஃபேம்ல இல்லையா, என்னங்க அநியாயம்"னு ஒருத்தர் கேப்பாரு, உடனே இன்னொருத்தர் கரியர் நம்பர தூக்கிட்டு வந்து இதெல்லாம் பத்தாதும்பாரு. நான் ரொம்ப நாள் முதல் கட்சிதான், கிளிப் பாத்து கண்ணு கலங்குற கட்சி. அப்புறம் ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு பிளேயருக்கும் ரெண்டு பக்கம் ஒதுக்கி, இடது பக்கம் முழு கரியர், வலது பக்கம் அந்த பெரிய தருணங்கள்னு எழுத ஆரம்பிச்சேன். அப்படி எழுதினதுக்கப்புறம்தான் எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு, அதத்தான் இங்க சொல்லப்போறேன், நீங்களும் ஒரு நோட்டு எடுத்து வச்சுக்கோங்க.

எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரூல் தெரியணும், ஏன்னா பாதி சண்டை ரூல் தெரியாமத்தான் நடக்குது. நியூயார்க் மாநிலத்துல கூப்பர்ஸ்டவுன்னு ஒரு சின்ன ஊரு, அங்கதான் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கு. முதல் தேர்தல் 1936-ல நடந்துச்சு, டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன்னு அஞ்சு பேரு. பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்துல 10 வருஷம் இருந்தவங்கதான் ஓட்டு போடுவாங்க. பிளேயர் குறைஞ்சது 10 சீசன் ஆடியிருக்கணும், ரிட்டயர் ஆகி 5 வருஷம் ஆகியிருக்கணும். ஒரு வோட்டர் அதிகபட்சம் 10 பேருக்கு டிக் போடலாம், 75 சதவீதம் வாங்கினா உள்ள, 5 சதவீதத்துக்கு கீழ போனா அடுத்த வருஷ பட்டியல்ல பேரே இருக்காது, 10 வருஷம் நின்னும் வரலன்னா அந்த வழி மூடிரும். அதுக்கப்புறம் தனி கமிட்டிங்க இருக்கு, விட்டுப்போனவங்கள அவங்க திரும்ப எடுத்து பாப்பாங்க.

இதுல ஒரு ரூல் மட்டும் நோட்டுல முதல் பக்கத்துல பெருசா எழுதி வச்சுக்கோங்க. ஒரு சீசன்ல 0.400 ஆவரேஜ் (பத்து தடவ ஆடினா நாலு தடவ ஹிட், அதாவது அடிச்சு பேஸ் ஏறுறது) அடிச்சதோ, ஒரு பெர்ஃபெக்ட் கேம் (எதிரணில ஒருத்தரயும் பேஸ் ஏற விடாம முடிக்கிறது) போட்டதோ, அந்த மாதிரி ஒரு தனி சாதனைய மட்டும் வச்சு யாரையும் தானா உள்ள சேக்கக்கூடாதுன்னு ரூல்லயே இருக்கு. இந்த ரூல படிக்கும்போதெல்லாம் எனக்கு டான் லார்சன் ஞாபகம்தான் வரும். 1956 வேர்ல்ட் சீரிஸ் அஞ்சாவது மேட்ச், நியூயார்க் யாங்கீஸ் டீமோட பிட்சர் (பந்து போடுறவர்) இவரு, எதிர்ல புரூக்ளின் டாட்ஜர்ஸ், 27 பேரு ஆட வந்தாங்க 27 பேரும் அவுட்டு, ரன் எடுக்க சுத்தி ஓட வேண்டிய நாலு பேஸ்ல முதல் பேஸ்லகூட ஒருத்தரும் கால் வைக்கல. வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றுல அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. முடிஞ்சதும் அவரு பந்த பிடிக்கிற கேட்சர் யோகி பெரா ஓடிவந்து அவரு மேல தாவி ஏறிக்குவாரு பாருங்க, அந்த போட்டோ இல்லாத பேஸ்பால் புத்தகமே இருக்காது. ஆனா இடது பக்கத்துல என்ன இருக்கு? மொத்த கரியர்ல 81 வெற்றி 91 தோல்வி. 1954-ல பால்டிமோர்ல 3 ஜெயிச்சு 21 தோத்தாரு. அந்த ஒரு மத்தியானம் உலகத்துல வேற யாருக்கும் கிடைக்கல, அத யாராலயும் அவருகிட்டருந்து பிடுங்க முடியாது, ஆனா அவரு ஹால்ல இல்ல, இல்லாதது சரின்னுதான் நானும் நினைக்கிறேன். கூப்பர்ஸ்டவுன்ல ஒரே கட்டடத்துக்குள்ள ரெண்டு இடம் இருக்குங்கறத மறக்காதீங்க, வெண்கலத் தகடு மாட்டுற ஹால் தனி, பேட்டு பந்து க்ளவுஸெல்லாம் வச்சிருக்கிற மியூசியம் தனி. மகத்தான தருணத்துக்கு மியூசியம் இருக்கு. தகடு, ஆளோட மொத்த ஆட்டத்துக்கு.

சரி இப்ப இடது பக்கம். கிளிப்ப தூக்கி தூர வச்சுடுங்க, கொஞ்ச நேரத்துக்கு அந்த ஹோம் ரன் நடக்கவே இல்லன்னு நினைச்சுக்கோங்க. முன்னாடியெல்லாம் 3000 ஹிட், 500 ஹோம் ரன், பிட்சருக்கு 300 வெற்றின்னு ஒரு கணக்கு வச்சிருந்தாங்க, அது இன்னைக்கும் உதவும், ஆனா அது மட்டும் போதாது, ஏன்னா காலம் மாறுது மைதானம் மாறுது. டென்வர்ல கூர்ஸ் ஃபீல்டுனு ஒரு மைதானம், கடல் மட்டத்துலருந்து ஒரு மைல் உயரம், காத்து லேசா இருக்கும், பந்து நல்லா பறக்கும், அங்க ஆடினவரோட நம்பரும் மத்தவங்க நம்பரும் ஒண்ணா? இதுக்குத்தான் பேட்டிங்குக்கு ஓபிஎஸ் பிளஸ், பிட்சிங்குக்கு இஆர்ஏ பிளஸ்னு வச்சிருக்காங்க, மைதானத்தையும் அந்த வருஷத்தையும் கழிச்சுட்டு 100-ன்னா சராசரி ஆள், 130-ன்னா சராசரிக்கு 30 சதவீதம் மேலன்னு படிச்சுக்கலாம். டென்வர்ல பல வருஷம் ஆடின லாரி வாக்கர் 10 வருஷம் காத்துக்கிடந்து, கடைசி வாய்ப்புல 2020-ல 76.6 சதவீதம் வாங்கி உள்ள போனாரு, மைதானத்த கழிச்சு பாத்தாலும் அவரு பெரிய ஆளுதான்னு வோட்டர்ஸுக்கு புரிய அவ்வளவு நாளாச்சு.

அடுத்தது வார்னு சொல்ற நம்பர். இந்த ஆளுக்கு பதிலா சுலபமா கிடைக்கிற ஒரு சாதாரண பிளேயர போட்டிருந்தா டீமு எத்தன மேட்ச் கம்மியா ஜெயிச்சிருக்கும்ங்கற கணக்கு, பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங் எல்லாம் அதுல அடங்கிரும். ஜே ஜாஃப்பேங்கற எழுத்தாளர் இதுலருந்து ஜாஸ்னு ஒண்ணு பண்ணாரு, முழு கரியர் வார் ஒண்ணு, சிறந்த 7 சீசன் வார் ஒண்ணு, ரெண்டையும் கூட்டி பாதியாக்கிட்டு அதே பொசிஷன்ல ஏற்கெனவே ஹால்ல இருக்கிறவங்களோட சராசரியோட ஒப்பிடுறது. எனக்கு இது ரொம்ப பிடிக்கும், ஏன்னா நீண்ட நாள் ஆடினவரையும் பாக்குது, கொஞ்ச நாள் கொழுந்துவிட்டு எரிஞ்சவரையும் பாக்குது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் சைட்ல எல்லாம் இலவசமாவே கிடைக்கும். செகண்ட் பேஸ்மேன செகண்ட் பேஸ்மேனோடதான் ஒப்பிடணும், கேட்சர கேட்சரோடதான், இத மட்டும் விட்டுடாதீங்க.

இப்ப வலது பக்கம், எனக்கு பிடிச்ச பக்கம். கிளட்ச்சுன்னா கழுத்துல கத்தி இருக்கிற நேரத்துல வேலைய முடிக்கிறது. ஒரு கிளிப்ப எப்படி பிரிச்சு பாக்கணும்னு கிர்க் கிப்சன வச்சே சொல்றேன். 1988 அக்டோபர் 15, லாஸ் ஏஞ்சலஸ், வேர்ல்ட் சீரிஸ் முதல் மேட்ச். ஓக்லண்ட் 4, டாட்ஜர்ஸ் 3, ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு பேரு அவுட்டு. கிப்சனுக்கு ஒரு கால்ல தொடை நரம்பு, இன்னொரு கால்ல முட்டி, ரெண்டு காலும் போச்சு, அன்னைக்கு ஆடவே மாட்டாருன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. மைக் டேவிஸ் வாக் வாங்கி (நாலு பந்து தப்பா வந்ததால அடிக்காமலே) முதல் பேஸ்ல நிக்கும்போது இவரு நொண்டிகிட்டே வர்றாரு. எதிர்ல டென்னிஸ் எக்கர்ஸ்லி, அந்த காலத்துல மேட்ச்ச முடிச்சு வைக்கிறதுல அவர மிஞ்ச ஆளில்ல. மூணு ஸ்ட்ரைக்னா அவுட்டு, முதல் ரெண்டும் சீக்கிரமா போயிருச்சு, ஒரு பந்து ஃபவுல் போனப்ப ஓடிப்பாத்தாரு, ஓடவே முடியல. அப்படியே இழுத்து இழுத்து மூணு பால் ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு கொண்டு வந்துட்டாரு, நடுவுல டேவிஸ், பந்து அடிபடாமலே ஓடி, ரெண்டாவது பேஸ திருடிட்டாரு. அப்பதான் கிப்சன் டைம் கேட்டு வெளிய வர்றாரு. எதிரணிய நோட்டம் பாக்குற டாட்ஜர்ஸ் ஸ்கவுட் மெல் டிடியர் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு, இடது கை பேட்டருக்கு மூணு ரெண்டுல எக்கர்ஸ்லி பேக்டோர் ஸ்லைடர்தான், அதாவது வெளியிலருந்து உள்ள வளையுற பந்துதான், போடுவாருன்னு. உள்ள போய் நின்னாரு, அதே ஸ்லைடர் வந்துச்சு, கால்ல பலமே இல்லாம கைய மட்டும் வச்சு சுத்தினாரு, பந்து ரைட் ஃபீல்டு கூட்டத்துக்குள்ள போய் விழுந்துச்சு. ரெண்டாவது பேஸ் தாண்டும்போது கைய மடக்கி பின்னாடி இழுப்பாரு பாருங்க, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு சிலிர்க்குது. அந்த சீரிஸ்ல அவரு பேட் பிடிச்சது அந்த ஒரு தடவைதான், டாட்ஜர்ஸ் அஞ்சே மேட்ச்ல கோப்பைய தூக்கிட்டாங்க.

இத எழுதும்போது அஞ்சு விஷயம் தனித்தனியா குறிக்கணும். ஸ்கோர் என்ன, தோத்திருந்தா என்ன போயிருக்கும், எதிர்ல யாரு, அதுல அவரு சொந்தமா செஞ்சது எவ்வளவு, மத்தவங்களும் அதிர்ஷ்டமும் கொடுத்தது எவ்வளவு. கிப்சன் விஷயத்துல டேவிஸோட வாக்கும் திருட்டும் இருக்கு, டிடியரோட குறிப்பு இருக்கு, ஆனா அந்த பந்துக்காக காத்திருந்த பொறுமை முழுசா அவருதுதான். அதோட 1984-ல டெட்ராய்ட்டுக்கு ஆடும்போதும் வேர்ல்ட் சீரிஸ் கடைசி மேட்ச்ல கூஸ் காசேஜ் பந்துல மூணு ரன் ஹோம் ரன் அடிச்சிருக்காரு, அதனால 1988 குருட்டு அடின்னு சொல்லவே முடியாது. இவ்வளவு இருந்தும் இடது பக்கம் திருப்பினா 255 ஹோம் ரன், 0.268 ஆவரேஜ். தேர்தல்ல நின்ன ஒரே வருஷம் 2001, 5 சதவீதம்கூட வரல. அடி வாங்கின எக்கர்ஸ்லியும் காசேஜும் ரெண்டு பேருமே ஹால்ல இருக்காங்க. இது அநியாயம் இல்லங்க, அவங்க ரெண்டு பேரும் இருபது வருஷத்துக்கு மேல ஆடினாங்க, அதுல ஒரு ராத்திரி கிப்சன் ஜெயிச்சாரு.

வலது பக்கத்துல பலரும் பண்ற தப்பு, ஜெயிச்சத மட்டும் எழுதுறது. எத்தன வாய்ப்பு கிடைச்சுது, எத்தன தடவ தோத்தாருன்னும் எழுதணும். யாங்கீஸ்ல மேட்ச்ச முடிச்சு வைக்கிற பிட்சர் மரியானோ ரிவேராவுக்கு பிளேஆஃப்ல (சீசனுக்கப்புறம் கோப்பைக்காக நடக்குற சுற்றுங்க) மட்டும் 141 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி, அதாவது இஆர்ஏ, 0.70, சாதாரண சீசன்லயே 2.21-தான். ஆனா அதே ரிவேராதான் 2001 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது மேட்ச்ல லூயிஸ் கொன்சாலஸ் தட்டிவிட்ட ஒரு சின்ன பந்துல கோப்பைய விட்டாரு, 2004-ல பாஸ்டன்கிட்டயும் விட்டாரு. அந்த ரெண்டையும் எழுதித்தான் மொத்தத்த பாக்கணும், பாத்தா இன்னும் பெருசாத்தான் தெரியுறாரு. 2019-ல ஓட்டு போட்ட 425 பேரும் அவருக்கு போட்டாங்க, எழுத்தாளர் ஓட்டு நூத்துக்கு நூறு வாங்கின முதல் ஆளு அவருதான்.

யாங்கீஸ் பிளேயர் டெரெக் ஜீட்டரோட பக்கம் எழுதும்போதுதான் எனக்கு கிளட்ச்சுன்னா என்னன்னே புரிஞ்சுது. கரியர் ஆவரேஜ் 0.310, பிளேஆஃப் ஆவரேஜ் 0.308, அதுவும் 158 மேட்ச், கிட்டத்தட்ட ஒரு முழு சீசன். பாஸ்டனோட டேவிட் ஓர்ட்டிஸும் அப்படித்தான், கரியர் 0.286, பிளேஆஃப் 0.289. நெருக்கடியில புதுசா ஒரு சக்தி வந்து இறங்குதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா நம்பர் சொல்றது வேற, இவங்க எப்பவும் எப்படியோ அப்பவும் அப்படியே இருந்தாங்க. பிளேஆஃப்ல எதிர்ல வர்ற பிட்சருங்க எல்லாம் பொறுக்கி எடுத்த ஆளுங்க, அவங்ககிட்ட ஆவரேஜ் இறங்காம நிக்கிறதே பெரிய விஷயம்.

வாய்ப்பே கிடைக்காதவங்கள இதுக்காக தண்டிக்கக்கூடாது. எர்னி பேங்க்ஸ் 512 ஹோம் ரன் அடிச்சாரு, சிகாகோ கப்ஸுக்கே கடைசி வரைக்கும் ஆடினாரு, ஒரு பிளேஆஃப் மேட்ச்கூட ஆடல. டெட் வில்லியம்ஸுக்கு கிடைச்சது 1946 வேர்ல்ட் சீரிஸ் ஒண்ணுதான், அதுல 25-க்கு 5, அதாவது 0.200. கிளிப்ப வச்சு மட்டும் ஓட்டு போட்டா 1941-ல 0.406 அடிச்ச மனுஷன் வெளிய நிக்கணும், எங்கயாவது நியாயமா இருக்கா?

ஹோம் ரன மட்டும் கிளட்ச்சுன்னு நினைச்சு ஃபீல்டிங்கையும் ஓட்டத்தையும் விட்டுடாதீங்க, பழைய கிளிப்புல நான் அதத்தான் முதல்ல தேடுவேன். 1954 வேர்ல்ட் சீரிஸ்ல வில்லி மேஸ், ஸ்கோர் 2-2, எட்டாவது இன்னிங்ஸ், ரெண்டு பேரு பேஸ்ல, விக் வெர்ட்ஸ் அடிச்ச பந்து தலைக்கு மேல போகுது, மேஸ் மைதானத்துக்கு முதுக காட்டிட்டு ஓடி தோளுக்கு மேல பிடிச்சாரு. எல்லாரும் அந்த கேட்ச்ச பாப்பாங்க, நீங்க அடுத்த நொடிய பாருங்க, பிடிச்ச வேகத்துலயே சுழன்று தூக்கி எறிஞ்சாரு, அதனாலதான் ரன் வரல. 2001-ல ஓக்லண்ட்ல ஜீட்டர் பண்ணதும் அப்படித்தான், ரைட் ஃபீல்டுலருந்து வந்த த்ரோ ரெண்டு பேரு தலைக்கு மேல போயிருச்சு, ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஷார்ட்ஸ்டாப் ஆளுக்கு அங்க வேலையே இல்ல, எங்கருந்தோ குறுக்க ஓடி வந்து பந்த பொறுக்கி பக்கவாட்டுல கேட்சர் பொசாடாவுக்கு தள்ளிவிட்டாரு, ஜெரமி ஜியாம்பி சறுக்காம நின்னுகிட்டே வந்தாரு, அவுட்டு. யாங்கீஸ் 1-0-ன்னு ஜெயிச்சாங்க, அன்னைக்கு தோத்திருந்தா சீரிஸே போயிருக்கும்.

அப்புறம் பாஸ்டனோட டேவ் ராபர்ட்ஸ். 2004 பிளேஆஃப், யாங்கீஸ்கிட்ட பாஸ்டன் 0-3 பின்னாடி, ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் கம்மி, பிட்சர் ரிவேரா. திருடத்தான் உள்ள வந்திருக்காருன்னு மைதானத்துல இருக்கிற அத்தன பேருக்கும் தெரியும், ரிவேரா திரும்ப திரும்ப முதல் பேஸுக்கு எறிஞ்சு பாத்தாரு, இருந்தும் ஓடினாரு, நூலிழையில சேஃப். பில் மியூல்லர் அடிச்சதுல ரன் வந்துச்சு, பன்னெண்டாவது இன்னிங்ஸ்ல ஓர்ட்டிஸ் ஹோம் ரன், அடுத்த மேட்ச்லயும் பதினாலாவது இன்னிங்ஸ்ல ஓர்ட்டிஸ்தான் முடிச்சு வச்சாரு. 0-3-லருந்து நாலையும் ஜெயிச்சு, அடுத்து வேர்ல்ட் சீரிஸையும் ஜெயிச்சு, 1918-க்கப்புறம் முதல் கோப்பை. ஒரு திருட்டுக்காக ராபர்ட்ஸுக்கு பிளேயரா தகடு கிடைக்காது, ஆனா ஓர்ட்டிஸோட வலது பக்கம் அதோட நிக்கல, 2013 வேர்ல்ட் சீரிஸ்ல 16-க்கு 11 அடிச்சாரு. பெரும்பாலும் பேட்டிங் மட்டுமே பண்ண ஆளுக்கு ஹால் எதுக்குன்னு கேட்டவங்க இருந்தாங்க, அவரோட இடது பக்கம் 541 ஹோம் ரனோட வாசல் வரைக்கும் வந்திருந்துச்சு, வலது பக்கம் உள்ள தள்ளிவிட்டுச்சு, 2022-ல முதல் தடவையே 77.9 சதவீதம்.

எடை போடுற விதமே அதுதான், இடது பக்கம் ஆள வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கணும், அப்பதான் வலது பக்கத்துக்கு தள்ளிவிடுற உரிமை உண்டு. எனக்கே இன்னும் முடிவு வராத ஒருத்தர் பிட்சர் ஜாக் மோரிஸ். 1991 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது மேட்ச், பத்து இன்னிங்ஸும் அவரே போட்டு ஒரு ரன்கூட விடாம மினசோட்டா 1-0 ஜெயிச்சுது, அத முழு மேட்ச்சா ஒரு தடவ உக்காந்து பாருங்க. ஆனா கரியர் இஆர்ஏ 3.90, அடுத்த வருஷமே டொராண்டோவுக்கு பிளேஆஃப்ல மூணு தோல்வி, ஒரு வெற்றிகூட இல்ல. எழுத்தாளருங்க 67.7 சதவீதம் வரைக்கும் கொடுத்துட்டு நிறுத்திட்டாங்க, அப்புறம் கமிட்டி மூலமா 2018-ல போனாரு. இருந்துட்டு போகட்டும்னு ஒரு நாள் தோணும், இன்னொரு நாள் தோணாது.

தப்பையும் இதே தராசுலதான் வைக்கணும். பாஸ்டனோட பில் பக்னர்னா 1986 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது மேட்ச்ல காலுக்கு நடுவுல பந்த விட்டாரே அவருதான்னு சொல்லுவாங்க. அந்த பந்து போறதுக்கு முன்னாடியே கேட்சர் பிடிக்க முடியாம போன ஒரு வைல்டு பிட்ச்ல ஸ்கோர் சமமாயிருச்சு, அதுக்கப்புறம் ஏழாவது மேட்ச்சும் இருந்துச்சு. அவரு கரியர்ல 2715 ஹிட். எனக்கு அவரு ஹால் லெவல் இல்ல, ஆனா அதுக்கு காரணம் இடது பக்கம்தான், அந்த ஒரு பந்து இல்ல. 2008-ல பாஸ்டன்ல முதல் பந்து போட அவர கூப்பிட்டப்ப மொத்த மைதானமும் எழுந்து நின்னுச்சு, மனுஷன் கண்ண துடைச்சுகிட்டேதான் நின்னாரு.

நேர்மை, குணம்னும் ரூல்ல ஒரு வரி இருக்கு. 762 ஹோம் ரன் அடிச்ச பாரி பாண்ட்ஸும், ராஜர் கிளெமன்ஸும் ஊக்கமருந்து விவகாரத்தால 10 வருஷம் நின்னும் 75 தொடாம 2022-ல பட்டியல விட்டு போனாங்க. இதுல உங்க மனசாட்சிதான், ஆனா ஒருத்தருக்கு ஒரு நியாயம் இன்னொருத்தருக்கு ஒரு நியாயம்னு வைக்காதீங்க.

கடைசியா நீங்களே போட்டுப் பாக்க ரெண்டு பேரு. வேர்ல்ட் சீரிஸயே ஒரு ஹோம் ரன்ல முடிச்சு வச்சது ரெண்டே பேருதான், 1960-ல பிட்ஸ்பர்க் பில் மாசரோஸ்கி, 1993-ல டொராண்டோ ஜோ கார்ட்டர். கார்ட்டர் அடிக்கும்போது டொராண்டோ ஒரு ரன் பின்னாடி, பேஸ்ல நின்னது ரிக்கி ஹெண்டர்சனும் பால் மாலிட்டரும், ரெண்டு பேருமே இன்னைக்கு ஹால்ல இருக்காங்க. கார்ட்டருக்கு 396 ஹோம் ரன், ஆனா பேஸ்ல ஏறின விகிதம் 0.306-தான், அவுட் ஆனது அதிகம். 2004-ல அவருக்கு வந்தது 3.8 சதவீதம், அதே தேர்தல்லதான் அவரு அடிச்ச அடியில ஓடிவந்து ரன் எடுத்த மாலிட்டரும், கிப்சன்கிட்ட அடி வாங்கின எக்கர்ஸ்லியும் உள்ள போனாங்க.

மாசரோஸ்கியோட பேட்டிங் அதவிட மோசம், 138 ஹோம் ரன், 0.260 ஆவரேஜ். ஏழாவது மேட்ச், 9-9, ஒன்பதாவது இன்னிங்ஸ், ரால்ஃப் டெர்ரி பந்து, லெஃப்ட் ஃபீல்டுல யோகி பெரா திரும்பி நின்னு சுவருக்கு மேல போறத பாத்துட்டே இருந்தாரு, பிட்ஸ்பர்க் 10-9. ஆனா நான் அவருக்கு டிக் போட்டது இதுக்காக இல்ல. செகண்ட் பேஸ்ல 1706 டபுள் பிளே (ஒரே பந்துல ரெண்டு பேர அவுட் ஆக்குறது), அந்த பொசிஷன்ல வேற யாரும் அவ்வளவு பண்ணல, சிறந்த ஃபீல்டருக்கு தர்ற கோல்ட் க்ளவ் விருது 8. பந்து அவரு கைக்குள்ள வந்ததா இல்ல பட்டு திரும்பினதான்னே தெரியாத வேகம். ஒத்துக்காதவங்க நிறைய பேரு இருக்காங்க, அவங்க வாதத்துலயும் பலம் இருக்கு. 2001-ல கமிட்டி அவர சேத்துச்சு. கூப்பர்ஸ்டவுன் மேடையில பக்கம் பக்கமா எழுதிட்டு வந்த பேச்சோட ஏறினாரு, ஹோம் ரன பத்தி இல்ல, ஃபீல்டிங்குக்கும் இங்க இடம் உண்டுன்னுதான் பேச ஆரம்பிச்சாரு, கொஞ்ச நேரத்துலயே குரல் உடைஞ்சு போச்சு, மேற்கொண்டு படிக்க முடியல, அழுதுட்டே போய் உக்காந்துட்டாரு.